உங்களுக்குத் தெரிந்த 'ம் + ஆ = மா'விலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்தே முக்கால் வயது. யுகேஜி படிக்கிறாள். ஏ பி சி டி முழுக்கச் சொல்வாள், தலைகீழாகவும் சொல்வாள். இங்கிலீஷ் ரீடரில் பத்துப் பக்கமும் மடமடவென்று வாசிப்பாள். போன வாரம் சும்மா ஒரு பக்கத்தில் படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். திருதிருவென்று முழித்தாள். ரீடரில் இல்லாத 'நெட்' என்ற வார்த்தையை எழுதிக் காட்டினேன். "என், ஈ, டீ" என்று எழுத்துக்கூட்டிவிட்டு, "நோட்டாம்மா?" என்றாள். ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். மூன்று மாதத்துக்கு எட்டாயிரம் ரூபாய். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். என் உச்சரிப்பைக் கேட்டு அவள் தப்பாகப் பழகிவிடுவாளோ என்று பயந்து இதுவரை எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வகுப்பில் சேர்க்கட்டுமா? நானே சொல்லிக்கொடுக்க முடியுமா?
— ஓர் அம்மா, பல்லடம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

படத்தை மறைத்துப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை மனப்பாடமாக ஒப்பிப்பதை வாசிப்பு என்று நம்பிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய. நீங்கள் யுகேஜியிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். நீங்களே சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு வேண்டியது உங்களிடம் இருக்கிறது.

முதலில் உங்கள் மகள் என்ன செய்தாள் என்று பார்ப்போம். 'என், ஈ, டீ' என்று மூன்று எழுத்தையும் சரியாகச் சொன்னாள். ஆனால் அவள் சொன்னது எழுத்துகளின் பெயர். பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'எனீட்டீ' என்றுதான் வரும், 'நெட்' வராது. தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'அ' என்ற எழுத்தின் பெயரும் அ, ஒலியும் அ. ஆங்கிலத்தில் பெயர் வேறு, ஒலி வேறு. 'எச்' என்ற பெயரில் 'ஹ்' இல்லை. 'டபிள்யூ' என்ற பெயரில் 'வ்' இல்லை. பெயரை மட்டும் தெரிந்துகொண்ட குழந்தைக்குப் புதிய சொல் வந்தால் முதல் எழுத்தைப் பார்த்துத் தெரிந்த சொல் ஒன்றை ஊகிப்பதுதான் வழி. 'நோட்டா?' என்று அவள் கேட்டது அதனால்தான். அவளிடம் எந்தக் குறையும் இல்லை. அடுத்த படியை யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த அடுத்த படிக்குப் பெயர்தான் ஃபோனிக்ஸ். ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய ஒலியைத் தெரிந்துகொண்டு, அந்த ஒலிகளைக் கோத்துச் சொல்லாக்குவது. எழுத்து 26, ஒலிகள் சுமார் 44. அமெரிக்காவில் 2000-இல் தேசிய வாசிப்புக் குழு ஆராய்ச்சிகளையெல்லாம் அலசிவிட்டு, ஃபோனிக்ஸை முறையாக, வரிசையாகக் கற்பிப்பது பலன் தருகிறது என்று சொன்னது. இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் கொடுத்த அறிக்கையும் தொடக்க வாசிப்புக்கு இதையே பரிந்துரைத்தது. ஆகவே இது நேற்று வந்த மோஸ்தர் கிடையாது.

இனி உங்களிடம் இருப்பது என்ன என்று சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பில் உங்கள் டீச்சர் கரும்பலகையில் எழுதியிருப்பார்: ம் + ஆ = மா. க் + இ = கி. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய். ஒலியைப் பிரித்துக் காட்டி மறுபடி சேர்க்கும் இந்த வேலையைத்தான் ஃபோனிக்ஸ் வகுப்பில் செய்கிறார்கள். 'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. எத்தனை ஒலி? அ, ம், ம், ஆ என்று நான்கு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் கணக்கு தானாக வரும், 'அ-ம்-மா' என்று கை தட்டிவிடுவார்கள். இரண்டாவது கணக்கு, அதாவது 'மா'வை உடைத்து உள்ளே இருக்கும் 'ம்', 'ஆ' இரண்டையும் கேட்பது, சொல்லிக்கொடுத்தால்தான் வரும். ஆங்கில வாசிப்புக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவது கணக்கு. புள்ளி வைத்த மெய்யெழுத்து என்றால் என்னவென்று தெரிந்த உங்களுக்கு அதைச் சொல்லித்தரத் தெரியும்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துப் பள்ளியில் பார்த்தேன். எழுத்தின் ஒலியெல்லாம் அவனுக்குத் தெரியும். 'பின்' என்ற சொல்லைக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரலை வைத்து, "இப்... இ... இன்" என்றான். சேர்த்துச் சொல் என்றேன். "இப்பியின்." மறுபடி, "இப்பியின்." மூன்றாவது முறை அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாம் மெய்யெழுத்துகளை எப்படிச் சொல்லிப் பழகுகிறோம்? இக், இங், இச், இஞ். தனி மெய்யைச் சொல்வது சிரமம் என்பதால் முன்னால் ஓர் 'இ'யைத் துணைக்கு வைத்துக்கொள்கிறோம். தமிழில் அதனால் கெடுதல் இல்லை. இங்கே அந்த 'இ' சொல்லுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. "உதட்டை மூடிக்கோ. 'ப்' சொல்லத் தயாராக இரு, ஆனால் சொல்லாதே. இப்போ அப்படியே 'இ' சொல்லு" என்றேன். "பி." அதன் பக்கத்தில் ன் வை. "பி... ன். பின்!" சட்டைப் பையில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுக் காட்டினான்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒலியோடு வேண்டாத உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? முன்னால் 'இ' ஒட்டினால் 'இப்'. பின்னால் 'அ' ஒட்டினால் 'ப'. 'ப-இ-ன' என்று சொன்னாலும் 'பின்' கிடைக்காது. சில ஃபோனிக்ஸ் வகுப்புகளிலேயே 'பஹ், டஹ், கஹ்' என்று உரக்கக் கத்த வைக்கிறார்கள், கவனித்திருக்கிறேன். வெறும் 'ப்' போதும், கிசுகிசுப்பாக, உதடு பிரியும் ஓசை மட்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. சொல்லின் கடைசியில் வரும் 'உ'. கப்பு, புக்கு, பேட்டு. இதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள், நம் மொழியின் இயல்பு அது. க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் எந்தத் தமிழ்ச் சொல்லும் முடியாது. அதனால் நாக்கு தானாக ஒரு குற்றியலுகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அதேபோல இரண்டு மெய் சேர்ந்து தமிழ்ச் சொல் தொடங்காது. அதனால்தான் 'ஸ்டாப்' நம் வாயில் 'இஸ்டாப்பு' ஆகிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், எந்தச் சொற்களை முதலில் கொடுப்பது, எவற்றைத் தள்ளிப்போடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம். மேன், சன், ரன், ஃபேன் போல ன், ம், ல் ஒலிகளில் முடியும் சொற்கள் தமிழ் நாக்குக்கு இதமானவை. 'ஸ்டாப்', 'ப்ளேட்', 'ஃப்ராக்' எல்லாம் மூன்று மாதம் காத்திருக்கட்டும்.

சரி, எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் புத்தகம் வேண்டாம், நோட்டு வேண்டாம். காது மட்டும். நீங்கள் காய் நறுக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ம்ம்ம் என்று தொடங்குகிற பொருள் இந்தச் சமையலறையில் என்னென்ன?" என்று கேளுங்கள். மிளகாய், முருங்கைக்காய், மிக்ஸி என்று எடுத்து வருவாள். தமிழ்ச் சொல்லா ஆங்கிலச் சொல்லா என்று பார்க்க வேண்டாம், ஒலி ஒன்றுதான். அப்புறம் தரையில் சாக்பீஸால் வரிசையாக மூன்று கட்டம் போடுங்கள். மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். நீங்கள் "சன்" என்று மெதுவாக இழுத்துச் சொல்லுங்கள்: ஸ்ஸ்ஸ், அ, ன்ன்ன். ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டையை ஒரு கட்டத்துக்குள் அவள் தள்ள வேண்டும். சோவியத் உளவியலாளர் தனீல் எல்கோனின் வழியாக வந்த முறை இது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். காற்றில் மறைந்துவிடும் ஒலி கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு அகப்படுகிற பொருளாகிவிடுகிறது. முதல் நாள் இரண்டே கொட்டையைத் தள்ளுவாள், ஸ, ன் என்று. உயிர்மெய்யை உடைக்கப் பழகவில்லை, அதனால்தான். "ஸ்ஸ்ஸ்... அ" என்று நீங்கள் இழுத்துக் காட்டக் காட்ட இரண்டு மூன்று நாளில் நடுக் கட்டமும் நிரம்பும்.

இரண்டாவது வாரம் எழுத்து. சின்ன எழுத்துகளில் தொடங்குங்கள். பள்ளியில் பெரிய எழுத்துகளைத்தான் முதலில் எழுத வைத்திருப்பார்கள், ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் சின்ன எழுத்துகள். ஏ-யிலிருந்து இசட் வரை வரிசையாகவும் போக வேண்டாம். எஸ், எம், ஏ, என், டீ, ஐ, பென்னில் வரும் பி. இந்த ஏழு போதும். ஏழு எழுத்து தெரிந்தவுடனே மேன், மேட், பேன், பின், டின், சிட், நேப் என்று சொற்கள் கொட்டும். முதல் பத்து நாளுக்குள் ஒரு முழுச் சொல்லைத் தானே வாசித்துவிட்ட குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அதன்பிறகு அவளை நீங்கள் கூப்பிட வேண்டியிருக்காது, அவளே வந்து உட்காருவாள்.

எஸ், எம், என் மூன்றையும் முதலில் வைத்ததற்குக் காரணம், அவற்றை இழுக்க முடியும். ம்ம்ம், ஸ்ஸ்ஸ் என்று நிறுத்தாமல் அடுத்த ஒலிக்கு வழுக்கிப் போகலாம். ப், ட் போன்றவற்றை இழுக்க முடியாது. அவற்றைக் கடைசி எழுத்தாக வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் முதலெழுத்தாக்குங்கள்.

கோக்கும் விதத்தில் நான் ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன். பல ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் சொல்லின் பின்பாதியைச் சேர்த்தே கொடுக்கும்: முதலில் 'ஏட்', அதன் முன்னால் ம் வைத்தால் 'மேட்', ஸ் வைத்தால் 'சேட்' என்று. நம் பிள்ளைகளுக்கு முன்பாதியைச் சேர்ப்பது சுலபம். காரணம், உயிர்மெய் அவர்கள் காதில் ஏற்கெனவே ஒரே துண்டாக இருக்கிறது. அதனால் ம் + ஏ = மே, 'மே'வோடு ட், மேட். ப் + இ = பி, 'பி'யோடு ன், பின். எத்தனையோ பிள்ளைகளிடம் இப்படிச் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

மேட், மேன் என்று நான் எழுதுவதில் வரும் 'ஏ'யை நீட்டிவிடாதீர்கள். அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. வாயை 'ஆ'வுக்குத் திறப்பதுபோலத் திறந்துகொண்டு 'எ' சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

உங்கள் உச்சரிப்பைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். லண்டன்காரர் மாதிரி நீங்கள் பேச வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, மேலே சொன்ன ஒட்டு உயிர்கள். இன்னொன்று, நம் எழுத்தில் வேறுபாடு காட்டாத ஜோடிகள். 'கல்'லில் வரும் க வேறு, 'தங்க'த்தில் வரும் க வேறு, ஆனால் எழுத்து ஒன்று. பென்னுக்கும் பி, பந்தைக் குறிக்கும் ஆங்கில 'பால்'லுக்கும் பி என்றுதான் நான் இந்தப் பதிலிலேயே எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு இதைத் தொட்டுக் காட்டலாம். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'பால்' என்று சொன்னால், அந்த முதல் ஒலியிலேயே விரலில் அதிர்வு தெரியும். 'பென்' என்று சொன்னால், அதிர்வு அடுத்து வரும் 'எ'யில்தான் தொடங்கும். டீ-டி, கே-ஜி ஜோடிகளுக்கும் இதே தொண்டைச் சோதனைதான். பால்-இல் வரும் பி-யையும் டாக்-இல் வரும் டி-யையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போல இருக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கே ஏழு வயது வரை மாறிப்போகும்.

சுவரில் மாட்டும் எழுத்து சார்ட்டையும் ஒருமுறை பாருங்கள். 'ஏ ஃபார் ஆப்பிள்' சரி. 'ஐ ஃபார் ஐஸ்கிரீம்' எழுத்தின் பெயரைத்தான் சொல்கிறது, பின்-இல் வரும் ஒலியைச் சொல்லவில்லை. 'சி ஃபார் சேர்' இன்னும் மோசம், அங்கே ஒலிப்பது சி-யும் எச்-சும் சேர்ந்த 'ச்'. 'எக்ஸ் ஃபார் சைலஃபோன்' என்று படித்த குழந்தை 'பாக்ஸ்' என்ற சொல்லைப் பார்த்து என்ன செய்யும்? தவறான படங்களின் மேல் சரியான படத்தை ஒட்டிவிடுங்கள்: ஐ-க்கு இங்க், சி-க்குக் கப், எக்ஸுக்குப் பாக்ஸ்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருள் சொல்லுங்கள், முடிந்தால் பொருளையே காட்டுங்கள். 'மேட்' வாசித்தால் பாயைத் தட்டிக் காட்ட வேண்டும். 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பது வாசிப்பு. ஒன்று பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு 'பாட்' என்று வாசித்ததும் பானை மனதில் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைக்கு அதை நாம்தான் தெரிய வைக்க வேண்டும்.

பள்ளி ரீடரை என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். அதில் அவள் இன்னும் படிக்காத ஒலிகள் நிறைய இருக்கும். அதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், படம் பார்த்துப் பேசுங்கள். அவள் தானாக வாசிப்பதற்குத் தெரிந்த எழுத்துகளில் மட்டும் அமைந்த வரிகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஏழு எழுத்திலேயே 'சேம் சேட்' என்று இரண்டு சொல் வாக்கியம் எழுதலாம். 'தி', 'வாஸ்', 'செட்' போன்ற சில சொற்கள் ஒலிக்கு அடங்காது, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வரும். வாரத்துக்கு இரண்டு வீதம் கொடுங்கள். அவற்றிலும் முழுச் சொல்லும் முரண்டு பிடிப்பதில்லை. சொன்னான் என்ற பொருளில் வரும் 'செட்'டில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, நடுவில் இருக்கும் இரண்டு எழுத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எஸ்-எச், சி-எச், டீ-எச் போன்ற ஜோடிகளும், கடைசியில் ஓர் ஈ சேர்ந்தால் 'நாட்' 'நோட்' ஆவதும் தனி எழுத்துகள் எல்லாம் முடிந்த பிறகு.

எட்டாயிரம் ரூபாய் வகுப்பு? உங்கள் நிலையில் நான் இப்போது சேர்க்க மாட்டேன். நேரம் கிடைக்காது என்றால் சேருங்கள், ஆனால் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். 'ப்' என்கிறார்களா, 'பஹ்' என்கிறார்களா? எழுத்துக்கு ஒரு பாட்டு, ஒரு நடனம் என்று மாதக்கணக்கில் போகிறதா, இல்லை இரண்டாவது வாரத்திலேயே ஒலிகளைக் கோத்து வாசிக்கத் தொடங்குகிறார்களா? ஒரு மாதம் படித்த பிள்ளை முன்பின் பார்க்காத சொல்லை வாசிக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அது நல்ல வகுப்பு.

தமிழை மட்டும் ஓரம் கட்டிவிடாதீர்கள். ஆங்கிலம் முதலில் வரட்டும், தமிழ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சில பெற்றோர்கள் சொல்லும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். 247 எழுத்து என்று மலைக்க வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, அப்புறம் துணை எழுத்துகள், இவை தெரிந்தால் மீதியைக் கட்டிக்கொள்ளலாம். 'கெ', 'கே' போன்றவற்றில் கொம்பு முன்னால் நின்று பின்னால் ஒலிப்பதும், 'கு, சு, து' வரிசையில் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு விதமாகச் சுழிப்பதும்தான் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள். அங்கே மட்டும் நிதானமாகப் போங்கள். எழுத்தை ஒலித்தால் சொல் கிடைக்கும் என்ற நம்பிக்கை தமிழில் சீக்கிரம் வந்துவிடும். அவளுக்குப் பொருள் தெரிந்த மொழியும் அதுதானே. அந்த நம்பிக்கையோடு ஆங்கிலப் பக்கத்தைத் திறக்கும் பிள்ளை ஊகிக்காமல் ஒலித்துப் பார்க்கும்.

ஒருமுறை கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஃப், ஸ் போன்ற மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்காமல் இருக்கலாம். தினமும் முறையாகச் சொல்லிக்கொடுத்தும் ஏழு வயதுக்கு மேல் மூன்றெழுத்துச் சொல்லைக் கோக்க முடியவில்லை, அதுவும் குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பு சிரமமாக இருந்திருக்கிறது என்றால், டிஸ்லெக்ஸியா இருக்கிறதா என்று பயிற்சி பெற்றவர்களிடம் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படிப் பயப்பட இப்போது எதுவும் இல்லை.

இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கிறார்கள். 40 சொற்கள். அதில் 20 அகராதியில் இல்லாத பொய்ச் சொற்கள். ஒவ்வொரு பொய்ச் சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு விநோதப் பிராணியின் படம் இருக்கும், அந்தச் சொல்தான் அதன் பெயர் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார்கள். மனப்பாடம் அங்கே உதவாது, ஒலித்தால்தான் உண்டு. நீங்களும் 'நெம்', 'மிஃப்' என்று இரண்டு பெயரை அட்டையில் எழுதி, மேலே உங்கள் கையாலேயே இரண்டு பிராணிகளை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒருமுறை காட்டுங்கள், அவள் சொல்வதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அப்புறம் அட்டைகளை எடுத்து வைத்துவிடுங்கள். ஏழு எழுத்தும், ஈ-யும் எஃப்-ஃபும் முடிந்த பிறகு, ஆறு வாரம் கழித்து மறுபடி காட்டுங்கள். அந்தப் பிராணிகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.